சந்தேகத்துக்கு அப்பாற்பட்டவள்

அந்தத் தெருவில் எல்லாருக்கும் எல்லார் மேலும் சந்தேகம் உண்டு. மாடிவீட்டுப் பெண் ஒருநாள் கொஞ்சம் தூக்கலாகப் பவுடர் போட்டால் யாருக்காக என்று கேட்பார்கள். மறுநாள் போடாமல் போனால் என்ன ஆச்சு என்று கேட்பார்கள். தெருமுனையில் துணி தேய்க்கிற அம்மா சட்டைக் காலரைப் பார்த்தே அந்த வீட்டுக்குள் என்ன நடக்கிறது என்று சொல்லிவிடுவாள்; ஒருத்தரிடம் சொல்வதோடு நிறுத்தவும் மாட்டாள். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். இந்தத் தெருவைப் பார்த்துவிட்டுத்தான் யாரோ அதைச் சொல்லியிருக்க வேண்டும்.

இப்பேர்ப்பட்ட தெருவில், முப்பது வயதைத் தாண்டிய கல்யாணமாகாத பெண் ஒருத்தி மூன்று வருஷமாக ஒருவனைக் காதலித்துக்கொண்டிருந்தாள். ஒளிவு மறைவாக அல்ல. தினமும் சாயங்காலம் அவனுடைய லோடு வண்டியின் முன்சீட்டில் உட்கார்ந்து, தெருவே பார்க்க, வீட்டு வாசலில் வந்து இறங்கினாள். வண்டியின் படி உயரம் என்பதால் அவன் அவளை இடுப்பைப் பிடித்து இறக்கிவிட்டான். ஒரு புருவமாவது உயர்ந்திருக்க வேண்டுமே? ஊஹூம். "எவ்வளவு நல்ல பையன், பாரு!" என்றது தெரு.

காரணம் எளிது. அவளுக்கு இரண்டு கால்களும் குழந்தையிலேயே போலியோவில் சூம்பிப்போனவை. அக்குளில் இரண்டு ஊன்றுகட்டைகளோடு நடக்கிறவள். அப்படிப்பட்டவள் பெண்தான் என்பதில் யாருக்கும் மாற்றுக்கருத்து இல்லை. ஆனால் அதற்குமேல் யாரும் யோசித்ததில்லை.

மோட்டார் ரிப்பேர்க் கடையில் காயில் கட்டுவது அவள் தொழில். எரிந்துபோன மோட்டாரைப் பிரித்து, கருகிய கம்பியை வெட்டி இழுத்து, பள்ளங்களைச் சுரண்டிச் சுத்தம் செய்து, காகிதம் வைத்து, புதுச் செம்புக்கம்பியைச் சுற்று எண்ணி உள்ளே இறக்கி, நூலால் இறுக்கிக் கட்டி, வார்னிஷ் ஊற்றிக் காயவைக்க வேண்டும். சுற்று எண்ணும்போது யாராவது பேச்சுக் கொடுத்தால் அவள் வாயிலிருந்து வருவதை இங்கே எழுத முடியாது. காயில்காரி என்றுதான் எல்லாரும் அவளைக் கூப்பிட்டார்கள். அவளுக்கும் அந்தப் பெயர் பிடித்திருந்தது. கட்டைக்காரி என்று கூப்பிடாமல் விட்டார்களே.

அவளுடைய அப்பா ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். அவர் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் திறமை ஒன்று உண்டு. பஸ்ஸில் ஓர் ஆணும் பெண்ணும் தள்ளித் தள்ளி நின்று தனித்தனியாக டிக்கெட் வாங்கினாலும், அவர்களுக்குள் விஷயம் இருக்கிறதா இல்லையா என்று ஒரு பார்வையில் கண்டுபிடித்துவிடுவார். "புருஷன் பொண்டாட்டி ஒருத்தரையொருத்தர் பார்க்கவே மாட்டாங்க. லவ்வர்ஸ் பார்க்காத மாதிரி பார்ப்பாங்க. என் கண்ணை ஏமாத்த இன்னும் ஒருத்தன் பொறக்கல" என்பார். அந்தக் கண்ணுக்கு முன்னால்தான் தினமும் சாயங்காலம் லோடு வண்டி வந்து நின்றது. அவரே வெளியே வந்து, அவனுக்குத் தேநீர் கொடுத்து, "உங்களுக்குத்தான் தம்பி எவ்வளவு சிரமம்" என்று வருத்தப்படுவார்.

அம்மா போய்ப் பல வருஷமாகிவிட்டது. ஒரு தங்கை உண்டு. அவள் கதையைச் சொன்னால்தான் இவள் கதை விளங்கும். தங்கை கல்லூரியில் படித்தபோது ஒரு பையனின் பைக்கில் பின்னால் உட்கார்ந்து போனதைத் துணி தேய்க்கிற அம்மா பார்த்துவிட்டாள். அன்றைக்கு அந்த வீடு ரெண்டுபட்டது. அப்பா தங்கையின் போனைப் பிடுங்கினார், சாப்பிட மாட்டேன் என்றார், செத்துப்போன மனைவியின் படத்துக்கு முன்னால் நின்று அழுதார். "என் மானம் போச்சு" என்றார். கடைசியில், எல்லா அப்பாக்களையும் போலத்தான், தானே முன்நின்று கல்யாணமும் பண்ணிவைத்தார்.

அதற்கு நடுவில் ஒரு கூத்து. தங்கை வெளியே போகும்போது அந்தப் பையனைச் சந்தித்துவிடக் கூடாது என்று, அப்பா அவளுக்குக் காவலாகக் காயில்காரியையும் லோடுவண்டிக்காரனையும் சேர்த்து அனுப்பினார். பாலுக்குப் பூனை காவல் என்றால் ஒரு பூனை போதாதா? இரண்டு பூனைகளை அனுப்பிவைத்தார் மனிதர். தங்கை மட்டும் வண்டியில் ஒரு ஓரமாக உட்கார்ந்து, இவர்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "அக்கா, உனக்கு மட்டும் எப்படி இப்படி வாழ்வு?" என்று காதோடு கேட்டாள். பொறாமைதான். ஆனால் உண்மையில் பொறாமைப்பட்டது அக்காதான். அப்பா தங்கையைத் திட்டிய ஒவ்வொரு வார்த்தையையும் பக்கத்து அறையில் உட்கார்ந்து கேட்டவள் அவள். என் மேல் இப்படி ஒரு நாளாவது கோபப்பட்டிருக்கிறாரா என்று யோசித்துப் பார்த்தாள். காய்ச்சல் வந்ததற்காகக்கூட அவளை யாரும் கடிந்துகொண்டதில்லை.

அவன் மட்டும்தான் கடிந்துகொண்டான். காதல் வந்ததே அதனால்தான். ஒரு கிணற்று மோட்டார் கட்டிக்கொடுத்த மறுநாளே திரும்பி வந்தது. இன்னொரு முறை கட்டினாள், அதுவும் வந்தது. தப்பு அவளுடையதுதான், ஒரு இணைப்பை மாற்றிக் கொடுத்திருந்தாள். முதலாளி வழக்கம்போல, "பாவம், விடுப்பா" என்றார். கடைக்கு மோட்டார் ஏற்றிவந்து இறக்குகிற லோடுவண்டிக்காரன் விடவில்லை.

"என்ன பாவம்? மோட்டாரை ஏத்தி எறக்குறது என் முதுகு. அதுக்குப் பாவம் பார்த்தீங்களா? ஏம்மா, கண்ணைத் தொறந்து வெச்சுக்கிட்டுக் கட்ட மாட்டியா?"

கடையில் எல்லாரும் பதறிப்போனார்கள். காயில்காரி நிமிர்ந்து அவனை நன்றாகப் பார்த்தாள். பிறகு பதிலுக்கு அவள் பேசியது அவன் முப்பாட்டன் வரைக்கும் போயிற்று. அந்தச் சண்டை ஒரு வாரம் நடந்தது. இன்னொரு வாரம் நடக்காதா என்று இரண்டு பேருக்குமே ஏக்கமாகிவிட்டது.

சனிக்கிழமை மத்தியானங்களில் கால் பயிற்சிக்காக அவளை ஒரு கிளினிக்குக்கு அழைத்துப்போவது அவன் பொறுப்பு. அப்பாவே கேட்டுக்கொண்டது. கொஞ்ச காலத்தில் அந்தக் கிளினிக்கை மூடிவிட்டு டாக்டர் வேறு ஊருக்குப் போய்விட்டார். இவர்கள் மட்டும் சனிக்கிழமை தவறாமல் கிளம்பினார்கள். சில நாள் சினிமா. சில நாள் அவன் அறை. அந்த அறை ஒரு டயர்க் கடையின் மாடியில். கல்யாணமாகாத ஆண்களின் அறைக்குப் பெண்கள் வரக் கூடாது என்று படிக்கட்டுச் சுவரில் பெரிதாகப் பெயிண்டில் எழுதி வைத்திருந்தார் வீட்டுக்காரர். முதல்நாள் அவள் அந்த எழுத்தைப் பார்த்துத் தயங்கி நின்றாள். வீட்டுக்காரர் ஓடோடி வந்தார். "என்னம்மா, படி ஏறணுமா? கட்டையை இப்படிக் கொடும்மா, நான் கொண்டு வர்றேன். பார்த்து, பார்த்து" என்று மாடிவரை கூடவே வந்து விட்டுவிட்டுப் போனார். அவர் இறங்கிப் போனதும் இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். சிரித்து முடித்ததும் அவளுக்கு அழுகை வந்துவிட்டது. என்ன என்று அவன் கேட்டான். "அவரு என்னைப் பொம்பளையாவே எண்ணல" என்றாள்.

அவன் பாவம், நேர் மனிதன். சாப்பிட்டாயா என்றால் சாப்பிட்டேன் என்பவன். "அப்போ கல்யாணம் பண்ணிக்கலாம்" என்றான்.

"பண்ணிக்கலாம். ஆனா எங்கப்பா ஒரே ஒரு தடவை உன்னை முடியாதுன்னு சொல்லணும்."

"சரின்னு சொல்லணும்னுதான் எல்லாரும் வேண்டிக்குவாங்க. உனக்கு என்ன பைத்தியமா?"

"நீ வந்து கேட்டா அவரு அழுவாரு. உன் கையைப் புடிச்சுக்கிட்டு, கடவுள் மாதிரி வந்தீங்கன்னு சொல்வாரு. அப்புறம் நீ ஆயுசுக்கும் கடவுள். ஒருநாள் குழம்புல உப்பு இல்லன்னு நீ கத்துனா, நான் திருப்பிக் கத்த முடியுமா? கடவுளோட குடும்பம் நடத்த என்னால ஆகாது."

அவனுக்கு இது புரியவில்லை. புரியாமலேயே போய் அப்பாவிடம் கேட்டுவிட்டான்.

அவள் சொன்னதில் ஓர் எழுத்து மாறவில்லை. அப்பா அழுதார். அவன் கையைப் பிடித்துக்கொண்டார். கடவுள் மாதிரி வந்தீங்க என்றார். எப்போதிலிருந்து, எப்படி என்று ஒரு கேள்வி கேட்கவில்லை. தங்கையிடம் அதைத்தான் மூன்று நாள் கேட்டார். காயில்காரி அடுத்த அறையிலிருந்து கட்டைகளை ஊன்றிக்கொண்டு வந்து நின்று, "இந்தக் கல்யாணம் நடக்காது" என்றாள்.

"சும்மா இரும்மா. கூச்சப்படாத" என்றார் அப்பா.

அவன் முகம் தொங்கிப்போயிற்று. வாசலில் நின்று, "சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி குறுக்க நிப்பாருன்னுவாங்க. இங்க பூசாரியும் சரின்னுட்டாரு. வரம் கேட்ட நீயே வேணாங்குற" என்றான். சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டான். அந்த வாரம் முழுக்க அவளுக்கு உள்ளூரப் பயம்தான். நம் பிடிவாதத்தால் இவனையும் இழந்துவிடுவோமோ? ஒரு நல்ல வார்த்தை சொல்லி, தலையை ஆட்டி, போடுகிற மாலையை வாங்கிக்கொண்டு போய்விடலாமா? எத்தனையோ பெண்களுக்கு அதுவும் கிடைப்பதில்லையே? இப்படி யோசித்து யோசித்து, சுற்று எண்ணிக்கை தவறி, ஒரு மின்விசிறி மோட்டாரைப் பாழாக்கினாள். முதலாளி, "பாவம், பரவாயில்ல" என்றார். அந்த வார்த்தையைக் கேட்டதும் அவள் மறுபடி இறுகிவிட்டாள்.

இதற்குள் விஷயம் தெருவுக்குத் தெரிந்துவிட்டது. அப்பாதான் வீடு வீடாகச் சொன்னார். அப்போதுதான் தெரு விழித்துக்கொண்டது. சந்தேகம் கடைசியில் வந்தே விட்டது. ஆனால் வந்தது அவள் மேல் அல்ல, அவன் மேல்!

"நல்லாருக்கற ஆம்பளை எதுக்கு இவளைக் கட்டணும்?" என்று ஆரம்பித்தாள் துணி தேய்க்கிற அம்மா. அதற்குப் பிறகு கேட்க வேண்டுமா? அவனுக்கு வலிப்பு இருக்கிறது என்றார் ஒருவர். ஏற்கெனவே ஒரு மனைவி உண்டு என்றார் இன்னொருவர். நெஞ்சில் ஓட்டை என்று ஒரு வீட்டில் பேச்சு. அதே ஓட்டை நாலு வீடு தள்ளிப் போகும்போது இரண்டாகிவிட்டது. மூன்று வருஷமாகக் கண்ணெதிரே மோட்டார் தூக்கித் திரிந்தவனுக்குத் தெருவே சேர்ந்து நோய் தேடியது. நெருப்பில்லாமல் புகையாது என்றார்கள். பற்றவைத்ததும் அவர்கள், ஊதியதும் அவர்கள்.

அப்பாவின் காதிலும் இது விழுந்தது. சனிக்கிழமை மத்தியானம் அவன் வந்தான். கோபம் இருந்தாலும் சனிக்கிழமையை விட மனசு வரவில்லை. அப்பா அவனை நாற்காலியில் உட்காரவைத்து, தேநீர் கொடுத்து, பக்கத்தில் குனிந்து தணிந்த குரலில் கேட்டார்.

"தம்பி, தப்பா எடுத்துக்காதீங்க. உங்களுக்கு என்ன கோளாறு?"

"என்ன கோளாறுன்னா?"

"எதுவானாலும் சொல்லுங்க. எங்களுக்கு ஒண்ணும் அட்டி இல்ல. எங்க பொண்ணு நிலைமைக்கு நாங்க எதையும் அனுசரிச்சுப் போவோம். மறைக்காம மட்டும் சொல்லிடுங்க."

அவன் என்ன சொல்வான்? ரொம்ப நேரம் யோசித்து, "எப்பவாவது பல்லு வலிக்கும்" என்றான்.

கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்த காயில்காரிக்குக் கோபம் உச்சந்தலைவரை ஏறியது. உள்ளே வந்தாள்.

"அப்பா, அவனுக்கு ஒரு கோளாறும் இல்ல. எனக்கு அவனைப் புடிக்கும். அவனுக்கு என்னைப் புடிக்கும். மூணு வருஷமா."

"தெரியும்மா. தம்பிக்கு ரொம்ப இளகின மனசு…"

"மனசெல்லாம் இல்லப்பா. அந்தக் கிளினிக்கை மூடி ரெண்டு வருஷமாச்சு."

அப்பா விழித்தார். "எந்தக் கிளினிக்கு?"

"சனிக்கிழமை நீங்க என்னை அனுப்பி வெக்கிற கிளினிக்கு."

"அப்ப ரெண்டு வருஷமா சனிக்கிழமை சனிக்கிழமை எங்கம்மா போனே?"

"சினிமாவுக்கு. சினிமா நல்லா இல்லன்னா இவன் ரூமுக்கு."

அவன் தேநீர் தம்ளரை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்திருந்தான். அப்பா அவனைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்க்காத மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார்கள். முப்பது வருஷம் பஸ்ஸில் பழகிய கண்ணுக்கு அப்போதுதான் விஷயம் பிடிபட்டது.

"வெளிய போடா!" என்று கத்தினார். "உனக்கா தேத்தண்ணி கொடுத்தேன்? உன்னையா தம்பி தம்பின்னேன்? உண்ட வீட்டுக்கே ரெண்டகம் பண்ணுனவனே, போடா வெளிய!"

தம்ளர் பறந்தது. அவன் செருப்பைக்கூட மாட்டாமல் வாசலுக்கு ஓடினான். தெருவில் நாலு ஜன்னல்கள் திறந்தன. காயில்காரிக்குக் காது குளிர்ந்தது. அவளுக்காக அந்த வீட்டில் ஒரு பாத்திரம் பறப்பது இதுதான் முதல் தடவை. அப்பா அவள் பக்கம் திரும்பி, "பெத்த அப்பன்கிட்டயே நாடகமா? நடடி உள்ள!" என்றார். டி போட்டுப் பேசினார்! அவள் உள்ளே போய்க் கட்டிலில் உட்கார்ந்தாள். கட்டைகளைச் சுவரில் சாய்த்தாள்.

அப்பா பின்னாலேயே வந்தார். வந்த வேகத்தில், ஒரு வார்த்தை பேசாமல், இரண்டு கட்டைகளையும் எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். முன்னறையில் பீரோவின் மேல் மரம் இடிக்கிற சத்தம் கேட்டது.

அவளுக்குச் சந்தோஷமெல்லாம் போய்விட்டது. கட்டிலிலிருந்து கதவு ஆறடி தூரம் இருக்கும். தவழ்ந்து போகலாம். குழந்தையில் தவழ்ந்தவள்தான். ஆனால் இப்போது அதை நினைத்தாலே உடம்பு கூசியது. அப்பா யோசித்துச் செய்யவில்லை என்று அவளுக்குத் தெரியும். கோபத்தில் கை தானாகப் போயிருக்கிறது. தானாகப் போனதுதான் வலித்தது.

"அப்பா" என்று கூப்பிட்டாள்.

"தங்கச்சி பைக்ல போனப்போ அவ காலைக் கழட்டி பீரோ மேல வெச்சீங்களா?"

முன்னறையில் நாற்காலி நகர்கிற சத்தம் மட்டும் கேட்டது.

"நல்லாத் திட்டுங்கப்பா. எவ்வளவு வேணும்னாலும் திட்டுங்க. முதுகுல ரெண்டு போடக்கூடச் செய்யுங்க. ஆனா பொண்ணைத் திட்டுற மாதிரித் திட்டுங்க. ஒரு சாமானை எடுத்து வெக்கிற மாதிரி என்னை எடுத்து வெக்காதீங்க."

ரொம்ப நேரம் கழித்து அப்பா வந்தார். கையில் கட்டைகள் இருந்தன. அவள் முகத்தைப் பார்க்கவில்லை. கட்டைகளைக் கட்டிலுக்குப் பக்கத்தில், கை எட்டுகிற மாதிரி சாய்த்தார். ஒன்று வழுக்கியது. அதன் அடியில் இருக்கிற ரப்பரைத் தடவிப் பார்த்துவிட்டு மறுபடி சரியாகச் சாய்த்தார். "தப்புதாம்மா" என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். அதற்குப் பிறகுதான், தான் கோபமாக இருக்கிறோம் என்பது அவருக்கு ஞாபகம் வந்தது.

"அதுக்காக உன்னை விட்டுருவேன்னு நெனைக்காத. அவன் இந்த வாசப்படியை மிதிச்சான்னா நடக்கிறதே வேற. ரெண்டு வருஷமா என்னை முட்டாளாக்கியிருக்கீங்க. கல்யாணமும் கெடையாது ஒண்ணும் கெடையாது. இனிமே நீ எப்படி வெளிய போறேன்னு நான் பார்க்கிறேன்!"

கதவைப் படாரென்று சாத்தினார். வெளிப்பக்கம் தாழ்ப்பாள் விழுந்தது.

காயில்காரி கட்டைகளை ஊன்றி எழுந்து போய், கதவைத் தள்ளிப் பார்த்தாள். திறக்கவில்லை. நன்றாகத்தான் பூட்டியிருந்தார். பிடுங்கப்படாமல் இருந்த போனை எடுத்தாள். அடித்த உடனே அவன் எடுத்தான்.

"என்ன ஆச்சு? அடிச்சாரா?" என்று பதறினான்.

"இல்ல. உள்ள வெச்சு வெளியே தாழ்ப்பாள் போட்டுட்டாரு."

"ஐயோ. அழறியா?"

"ஆமா."

"நான் வந்து மன்னிப்புக் கேட்கட்டுமா? கால்ல வேணும்னாலும் விழறேன்."

"அதெல்லாம் ஒண்ணும் வேணாம்" என்றாள் அவள், மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "நாளைக்குக் காலையில வா. வாசல்ல நின்னு சண்டை போடு. தெருவுக்கே கேக்கிற மாதிரி போடு. அப்புறம் நாம கல்யாணம் பண்ணிக்கலாம்."